ஆணி தாங்கிய பூச்சி

பூச்சிகளைப் பற்றி எழுதுவதாயின் வண்ணத்துப்பூச்சியைப் பற்றியோ தேனீயைப் பற்றியோ எழுதவேண்டும் என்பது எம் இல்லத்தில் உள்ள கட்டளை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தேநீரும் கையுமாய்ப் பத்திரிகையை விரிப்பவர், மூட்டைப்பூச்சியின் சுற்றத்தாரைப் பற்றி வாசிக்க விரும்பமாட்டார் என்பது அதற்குக் கூறப்படும் நியாயம். இவ்வாரம் அக்கட்டளையை மீறுகின்றோம். எமது தவறொன்றை ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கின்றது. அத்தவறோ அந்தச் சுற்றத்தாருள் ஒருவரைப் பற்றியது.

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருவீதியில், திகனையையும் தெல்தெனியவையும் கடந்து, மெதமகாநுவரவுக்கு அப்பால் உள்ள சிற்றூர் ஹுன்னஸ்கிரிய. நக்கிள்ஸ் மலைத்தொடரைக் காணச் செல்வோர் இங்கிருந்தே மீமுரைப் பாதைக்குத் திரும்புவர். மடக்கிய கைவிரல்களின் முட்டிகளைப்போலத் தோன்றுவதால் அம்மலைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. 2010 ஆம் ஆண்டில் அது உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. வழியில் உள்ள மெதமகாநுவரப் பக்கத்திலேதான், 1815 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் பிடிபட்டான். பேருந்தில் செல்லும்பொழுதெல்லாம் அவ்விடத்தில் எமது தலை தானே வெளியே திரும்பும். நிற்க.

ஹுன்னஸ்கிரியவுக்குக் கீழே, சரிவொன்றில், எம்மிடம் கல்வி பயின்ற இளைஞர் ஒருவருக்குச் சிறிது நிலம் உண்டு. தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தையாரின் சேமநிதிப் பணத்தைக் கொண்டு வாங்கிய அந்நிலத்தில், மிளகும் கொய்யாவும் நாற்பது கொக்கோ மரங்களும் நிற்கின்றன. தாயாரும் மனைவியும் ஒன்பது வயதுப் பெண்குழந்தை ஒன்றும் அவருடன் வசிக்கின்றனர். நாற்பது மரம் என்பது வாசகருக்கு வேடிக்கையாய்த் தோன்றலாம். அக்குழந்தையின் பள்ளிச் செலவு முழுவதும் அந்த நாற்பது மரங்களிலிருந்தே வருவது.

சென்ற ஆண்டில் ஒருநாள் அவர் எமது கைத்தொலைபேசிக்கு மூன்று படங்களை அனுப்பியிருந்தார். கொக்கோக் காய்களின் மேற்றோலெங்கும் கரிய புள்ளிகள். சில பிஞ்சுகள் முற்றாகக் கருகித் தொங்கின. "சேர், இது என்ன வருத்தம்?" என்று ஒரு வரி கேட்டிருந்தார். நாம் தாவரவியல் பட்டதாரி. தாவரவியல் படித்தவர் கண்ணுக்குக் கரும்புள்ளியென்றால் பங்கசு. கொக்கோக் காயைக் கருக்கி அழுக்கும் நோயொன்று உலகெங்கும் பெயர்போனது என்பதையும் பாடப் புத்தகத்தில் படித்திருந்தோம். வகுப்புக்கு மணியடித்துவிட்ட அவசரத்தில், செம்பு கலந்த பங்கசுநாசினியைத் தெளிக்கும்படி பதில் எழுதிவிட்டு, அதனை மறந்தும் விட்டோம்.

அவர் மறக்கவில்லை. ஆசிரியர் சொல்லே மந்திரமென்று எண்ணும் மாணவர் இக்காலத்திலும் சிலர் இருக்கின்றார்கள். அது எமக்குப் பெருமையென்று எண்ணியிருந்தோம், அது எவ்வளவு பாரமானது என்பது பின்னரே தெரிந்தது. கடனுக்கு மருந்து வாங்கி மூன்று முறை தெளித்திருக்கின்றார். புள்ளிகள் குறையவில்லை. நான்காம் முறைக்குக் கடைக்காரர் கடன் கொடுக்க மறுத்தபொழுது, மரங்களைத் தறித்துவிட்டு வாழை வைப்பதென்று முடிவு செய்து, தறிப்பதற்கு ஆளும் பேசிவிட்டு, ஒரு மரியாதைக்காக எமக்கு அறிவித்தார். அடுத்த சனிக்கிழமை முதற் பேருந்தில் நாம் புறப்பட்டோம்.

சென்று சேர்ந்தபொழுது முற்பகல் பதினொரு மணி. மரங்களைச் சுற்றிவந்தோம். ஒரு பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை. காய்களை மட்டும் கண்ணாரக் கண்டோம். கண்டவுடனேயே உள்ளம் துணுக்குற்றது. பங்கசினால் வரும் காயழுகல் ஒரு புள்ளியாய்த் தொடங்கிப் பரவும் தன்மையது. நாளுக்கு நாள் விரிந்து, இரு வாரங்களுக்குள் முழுக் காயையும் கபிலமாக்கி, உள்ளிருக்கும் விதைகளையும் அழுக்கிவிடும். இங்கோ ஒரு காயில் எண்ணற்ற சிறு வட்டங்கள். ஒவ்வொன்றும் தன் அளவில் நின்றுவிட்டது. முற்றிய காயொன்றை வெட்டிப் பார்த்தோம். கருமை தோலளவே, உள்ளே விதைகள் வெள்ளை வெளேரெனப் பழுதின்றி இருந்தன. பக்கத்தில் நின்ற கொய்யாவின் பழங்களிலும் அதே கரிய சொறி. கொக்கோவின் காயழுகல் நோய் வேலி தாண்டிக் கொய்யாவில் இவ்வாறு சொறி பிடிக்க வைக்குமா? படத்தில் நாம் பார்த்தவை கரும்புள்ளிகள் மட்டுமே. அவற்றின் அளவையும், அயல்மரத்தையும், உள்ளீட்டையும் பார்க்கவில்லை, பார்க்கவேண்டுமென்று கேட்கவுமில்லை.

அன்றிரவு அங்கேயே தங்கினோம். "வாத்தியார் ஐயாவுக்கு இந்தக் குளிர் ஒத்துக்காது" என்று அந்த அம்மையார் தமது கம்பளியை எமக்குத் தந்துவிட்டார். மரம் தறிப்பவன் மறுநாள் எட்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு.

விடிவதற்குச் சற்று முன்னர் மின்விளக்குடன் வெளியே வந்தபொழுது, அச்சிறுமியும் உடன் வந்தாள். மலைச்சாரலில் புகார் கலையவில்லை. கொக்கோவின் இளந்தளிர் ஒன்றை நாம் மெல்லத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கையில், அவள் ஒரு காயைச் சுட்டி, "ஊசிக்கொசு" என்றாள். காம்பருகே மெல்லிய உருவமொன்று நின்றது. கொசுவென்றே எவரும் சொல்வர். கம்பிபோன்ற கால்கள், உடலைவிட மிக நீண்டு அசையும் உணர்கொம்புகள், அரை அங்குலத்துக்கும் மிகக் குறைந்த ஒல்லியான மேனி. தலை கருமை, நெஞ்சறை செம்மை, வயிறு கருப்பும் வெண்மையும். இவற்றையெல்லாம் மறந்தாலும் மறக்கவியலாத ஓர் அடையாளம் அதன் முதுகில் இருந்தது. நெஞ்சறையின் பின்புறத்தே, சிறகுகள் தொடங்குமிடத்தில், ஒரு குண்டூசி செங்குத்தாய் எழுந்து நின்றது. நுனியில் சிறு மணி திரண்ட, உண்மையான குண்டூசி போன்ற முள். முருகன் வேலைத் தோளிற் சாத்திக்கொள்வான். இச்சிறு பிராணி ஆணியை முதுகிலே நட்டுக்கொண்டு நடக்கின்றது.

அவள் இதனைப் பலமுறை கண்டிருக்கின்றாள். காலையில் தண்ணீர் எடுக்கப் போகும் வழியில் தினமும் காண்பாளாம். பெயரும் அவளே இட்டது. ஏன் சொல்லவில்லை என்று தந்தையார் கேட்டதற்கு, "நீங்க கேக்கலையே அப்பா" என்றாள்.

அந்த ஆணியே இப்பூச்சிக்கு உலகப் பெயரையும் தந்தது என்பது அவளுக்குத் தெரிய நியாயமில்லை. 1858 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து அறிஞர் விக்தோர் சிஞோரே என்பவர், இலங்கையிலிருந்து கிடைத்த இப்பூச்சியை ஆராய்ந்து, புதிய பேரினம் ஒன்றை வகுத்து, அதற்கு ஹெலோபெல்ட்டிஸ் என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் ஹேலோஸ் என்றால் ஆணி. பெல்ட்டே என்றால் சிறு கேடயம். பூச்சியின் முதுகில் உள்ள கேடயம் போன்ற தகட்டிலிருந்து ஆணி எழுவதால், ஆணிக்கேடயம். இனப்பெயர் அந்தோனியி. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் பரந்து வாழும் இந்தப் பேரினத்தில் முதன்முதல் நூலேறியது நம் நாட்டுப் பூச்சியே. மருத்துவமும் மருந்தியலும் கற்ற அந்தப் பிரெஞ்சுக்காரரும் ஹுன்னஸ்கிரியச் சிறுமியும், ஒருவரையொருவர் அறியாமல், ஏறக்குறைய ஒரே பெயரை இட்டிருக்கின்றார்கள் என்பதை எண்ணி நாம் அந்த மரத்தடியில் சிறிது நேரம் அப்படியே நின்றுவிட்டோம்.

வழக்கில் இதன் பெயர் தேயிலைக் கொசு. இப்பெயரில் பாதி பிழை. இது கொசு அன்று. கொசுவுக்கு இரண்டே சிறகுகள், இதற்கு நான்கு. முன்சிறகின் அடிப்பாகம் தோல்போல் தடித்தும் நுனிப்பாகம் மெல்லிய சவ்வாகவும் இருப்பதால் அரைச்சிறகிகள் எனப்படும் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது இது. நெற்கதிரின் பாலை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியும், பழைய கட்டில்களிலிருந்து விருந்தினரை வரவேற்கும் மூட்டைப்பூச்சியும் அக்கூட்டத்தவையே. மூட்டைப்பூச்சி எம் குருதியை நாடுகின்றது. இது தளிரின் சாற்றை நாடுகின்றது. மற்றப்படி இரண்டின் உறிஞ்சுகுழலும் ஒரே அச்சில் வார்த்தவை. பெயரின் மறுபாதியும் முழுச் சரியன்று. தேயிலையை மட்டும் உண்பதன்று இது. கொக்கோ, மரமுந்திரிகை, கொய்யா எனப் பல வீட்டு வாசலுக்கும் செல்லும் விருந்தாளி.

அழிவு எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும் சொல்லவேண்டும். ஊசிபோன்ற குழலை இளம் இழையத்தினுள் செலுத்தி, உமிழ்நீரைப் பாய்ச்சி, கரைந்துவரும் சாற்றை உறிஞ்சுகின்றது. அது உறிஞ்சும் சாறு சொற்பமே. அந்த உமிழ்நீர் இழையத்துக்கு நஞ்சு. குத்திய இடத்தைச் சுற்றி வட்டமாய் நீர்கோத்தாற்போல் ஒரு கறை தோன்றி, பின்னர் கருகி உலர்கின்றது. ஒரே பூச்சி ஒரு நாளில் பல பத்துப் புள்ளிகளை இட்டுவிடும். ஆதலின் மரத்தில் நான்கைந்து பூச்சிகளே இருந்தாலும், பார்ப்பவருக்குப் பெருநோய் பிடித்ததாகத் தோன்றும். குத்திய பூச்சியோ அதிகாலையிலும் மாலையிலுமே ஊணுக்கு வெளிவருவது. வெயிலேறியதும் இலைகளின் அடர்த்தியில் ஒதுங்கிவிடும். பதினொரு மணிக்கு வந்து துப்புத் துலக்கும் பட்டதாரிக்கு எங்ஙனம் அகப்படும்?

முட்டையையும் அது வெளியில் வைப்பதில்லை. இளந்தண்டின் தசைக்குள்ளே புதைத்துவிடுகின்றது. வெளியில் தெரிவன நீளத்தில் சமமில்லாத இரண்டு வெண்ணிற மயிரிழைகள் மட்டுமே. அன்று காலை உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒரு தண்டில் அவ்விழைகளைக் கண்டு குழந்தைக்குக் காட்டியபொழுது, அவள் அடைந்த மகிழ்ச்சியை வகுப்பறையில் நாம் பத்தாண்டுகளாகக் கண்டதில்லை. ஒரு வாரமளவில் பொரித்து வெளிவரும் இளம்பூச்சி எறும்பை ஒத்தது. பிறக்கும்பொழுது முதுகில் ஆணி கிடையாது. முதற் சட்டையைக் கழற்றிய பின்னரே அது முளைக்கின்றது. ஐந்து முறை சட்டை உரித்துச் சிறகு பெறுகின்றது.

பங்கசு என்று நாம் கூறியது முற்றிலும் ஆதாரமற்ற கூற்று என்றும் சொல்வதற்கில்லை. பூச்சி துளைத்த வாயில் வழியாகப் பங்கசு நுழைவது உண்டு. மரமுந்திரிகையில் பூங்கொத்துகள் கருகியபொழுது, கருகிய பாகத்தில் பங்கசைக் கண்டு அதனையே குற்றவாளியாகக் கருதினர். தேயிலைக் கொசு முன்சென்று கதவைத் திறந்துவிடுகின்றது என்பது பின்னரே தெளிவாயிற்று. தமிழ்நாட்டில் வேப்பமரங்களின் கொழுந்து கருகுவதற்கும் இதே அந்தோனியி காரணமாவதுண்டு. வேப்பமரக் கிளைகளை நுனியிலிருந்து பட்டுப்போகச் செய்யும் பங்கசு ஒன்றும் 1997 ஆம் ஆண்டில் இந்தியாவில் பெயரிடப்பட்டது. இரண்டையும் பிரித்தறியாமல் ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றுக்குத் தெளித்தால் என்ன பயன்? இதில் நகைப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. உலகிலுள்ள பூச்சிகளை விரட்ட நாம் வேப்பங்கொட்டையை இடித்துக் கரைத்துத் தெளிக்கின்றோம். இப்பூச்சியோ அம்மனுக்குரிய அந்த மரத்திலேயே அமர்ந்து கொழுந்தைச் சுவைக்கின்றது.

தோற்றத்தைக் கொண்டு ஏமாறியவர் நாம் மட்டுமல்லர் என்பது சிறு ஆறுதல். ஜாவாத் தீவின் தோட்டங்களில் அழிவு செய்த பூச்சியை அந்தோனியி என்றே நெடுங்காலம் நூல்களில் எழுதிவந்தனர். 1991 ஆம் ஆண்டில் ஸ்டோன்டால் என்னும் அறிஞர் கீழைத்தேய இனங்கள் அனைத்தையும் மீண்டும் ஒப்பிட்டு ஆராய்ந்தபொழுது, ஜாவாவில் இருந்தது பிராடியி என்னும் வேறோர் இனம் என்பது வெளிப்பட்டது. எல்லாவற்றுக்கும் முதுகில் ஆணி உண்டு. நிற வேறுபாடுகளோ நுணுக்கமானவை. அறிஞர் உலகமே பெயரை மாற்றிப் படித்ததென்றால், மணியடித்த அவசரத்தில் பதிலெழுதிய ஆசிரியனை மன்னிக்கலாம் என்று தோன்றுகின்றது. ஆனால் அவர்களின் பிழையினால் எந்தக் குடும்பமும் கடன்பட்டதாக நாம் அறியோம்.

இம்மலைப் பிரதேசம் பூச்சியும் பங்கசும் எழுதிய சரித்திரத்தை உடையது. 1869 ஆம் ஆண்டளவில் கோப்பி இலையில் தோன்றிய துருநோய், இரண்டு தலைமுறையின் செல்வத்தை அடியோடு சாய்த்தது. அதன் பின்னரே தேயிலை இங்கு ஆட்சிக்கு வந்தது. தும்பறைப் பள்ளத்தாக்கில் கொக்கோவும் இடம்பிடித்தது. அப்பள்ளத்தாக்கின் ஒரு பகுதி, பழைய தெல்தெனிய நகரத்துடன், 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் உறங்குகின்றது. தோட்டத்துரையாய் இருந்து பின்னர் அரசாங்கப் பூச்சியியலாளராகப் பேராதனையில் பணியாற்றிய எர்னஸ்ட் கிறீன், கொழும்பிலே பிறந்தவர். இலங்கையின் செதிற்பூச்சிகளைப் பற்றி 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக நூல் வெளியிட்டார். அதிலுள்ள சித்திரங்களைக் கண்டவர் வியக்காதிருக்க இயலாது. கடுகளவுள்ள பிராணியை நாட்கணக்கில் உற்றுப் பார்த்து வரைந்த கை அது. கைத்தொலைபேசியில் மூன்று படங்களை மூன்று விநாடியில் பார்த்துத் தீர்ப்பளித்த எமக்கு, அச்சித்திரங்களை நினைக்கும்பொழுது கூச்சமாகவே இருக்கின்றது.

எட்டு மணிக்குத் தறிப்பவன் கோடரியுடன் வந்துவிட்டான். அவனிடம் விஷயத்தைச் சொன்னபொழுது, அவன் மரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, "முசுறுக் கூடு எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா?" என்று கேட்டான். ஆம், எடுத்துவிட்டார்கள். மிளகு பறிக்கும்பொழுது கடிக்கின்றன என்று, இலைகளைத் தைத்துக் கூடுகட்டி வாழும் அந்தச் செவ்வெறும்புகளை இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் தீயிட்டு அழித்திருக்கின்றார்கள். எமக்கு மீண்டும் ஒரு பாடம் ஆயிற்று. சீன தேசத்துத் தோடைத் தோட்டங்களில் பூச்சிகளைத் தடுக்க முசுறுக் கூடுகளைத் தொங்கவிடும் வழக்கம் பல நூற்றாண்டுகள் பழையது. மரமுந்திரிகைத் தோட்டங்களில் முசுறு நடமாடும் மரங்களைத் தேயிலைக் கொசு பெரும்பாலும் அணுகுவதில்லை என்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகளும் காட்டியுள்ளன. ஜாவாவின் கொக்கோத் தோட்டக்காரர் கரிய எறும்பு ஒன்றை இதே காவலுக்கு வளர்த்தனர். இவற்றையெல்லாம் நாம் படித்திருக்கின்றோம். படித்தது வேண்டிய வேளையில் நினைவுக்கு வரவில்லை, கோடரிக்காரனுக்கு வந்தது.

தறிப்பு நின்றது. அவனே அன்று மாலை பள்ளத்து மாமரமொன்றிலிருந்து இரண்டு கூடுகளைக் கிளையோடு வெட்டி, சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, கை கால் முழுவதும் கடிபட்டுக்கொண்டே கொக்கோவில் கட்டிவிட்டான். கூலியும் அரைநாட் கூலியே கேட்டான். நெருங்கிக் கிடந்த நிழற்கிளைகள் கழிக்கப்பட்டன. காலை ஆறு மணிக்குச் சிறுமி சிறு வலையொன்றுடன் மரங்களைச் சுற்றி, பிடித்தவற்றைப் போத்தலில் இட்டு எண்ணி, கொப்பியில் எழுதி வருகின்றாள். அக்கொப்பியின் பக்கங்கள் இப்பொழுது எமக்குக் கைத்தொலைபேசியில் வருகின்றன. முதல் வாரம் முப்பத்தொன்று. மூன்றாம் மாதத்தில் ஒரு வாரத்துக்கு நான்கு. மழையாலும் குறைந்திருக்கலாம், எறும்பாலும் குறைந்திருக்கலாம். முன்னர் செய்த தவறை மறுமுறை செய்ய விருப்பமில்லாமையால், எல்லாம் எறும்பின் வெற்றி என்று நாம் அவளுக்கு எழுதவில்லை. எறும்பில்லாத ஐந்து மரங்களைத் தனியே எண்ணும்படி எழுதியிருக்கின்றோம்.

மருந்துக் கடன் எமது வாக்கினால் வந்ததாகையால், அதனை நாமே தீர்ப்பதாகச் சொன்னோம். அவர் தலைகுனிந்து நின்றார்; தாயாரே மறுமொழி கூறினார். பிள்ளைக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்ததற்கு ஐயா கணக்குப் பார்த்தாரா என்று கேட்டார். அதற்குமேல் எமக்குப் பேச்சு எழவில்லை. பேருந்து ஏறும்பொழுது ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்து மடியில் வைத்தார். எல்லாவற்றிலும் கரிய சொறி. "மேலதான் புள்ளி ஐயா, உள்ள ஒண்ணுமில்ல" என்றார். தெல்தெனிய வருவதற்குள் நான்கு பழங்களைத் தின்றிருந்தோம்.